துண்டுக்கு அடியில் ஊதியம்

பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு பொறியாளரிடம் ‘உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?’ என்று தயங்காமல் கேட்கிற ஸ்தாபனம், தான் எவ்வளவு தரச் சித்தமாயிருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மறுப்பது ஏன்? பல தேசங்கள் சட்டம் இயற்றி விடை காண முயன்றிருக்கும் இக்கேள்வியைப் பற்றிய ஒரு விசாரணை.

தமிழ்நாட்டில் ஒரு வாலிபனுடைய சம்பளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவன் வேலை செய்யும் அலுவலகத்தில் விசாரிப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘மணமகள் தேவை’ விளம்பரங்களைப் புரட்டுவதே சுலபமான மார்க்கம். நட்சத்திரம், உயரம், படிப்பு ஆகியவற்றோடு ஒரே மூச்சில், இன்ன ஊரில் இன்ன கம்பெனியில் ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று அச்சேறிவிடுகிற அந்தத் தொகை, கல்யாணத் தரகருக்கும் பெண் வீட்டாருக்கும் அவர்களுடைய பங்காளிகளுக்கும் தெரிந்திருக்கும். அவனுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்து அதே புரோகிராமின் மறுபாதியை எழுதுகிற சக ஊழியருக்கு மட்டும் தெரிந்திராது. அவர் கேட்டால் அது அநாகரிகம் என்று கருதப்படும். அவன் தானாகச் சொன்னாலோ, நியமன உத்தரவின் கடைசிப் பக்கத்தில், சம்பள விவரத்தைப் பிறரிடம் வெளியிடலாகாது என்று சேர்க்கப்பட்டிருக்கும் ஷரத்தை மீறிய குற்றம் அவன் தலையில் விழவும் கூடும்.

பெண்ணின் வயதையும் ஆணின் சம்பளத்தையும் கேட்கக் கூடாது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. கல்யாணப் பேச்சில் என்றோ காலாவதியாகிவிட்ட அந்த வாக்கியம் ஆபீஸில் மட்டும் இன்னமும் சிரஞ்சீவியாக வாழ்ந்துவருவது யதேச்சையாக நேர்ந்ததன்று. மரியாதை என்ற பெயரில் நாம் போற்றிவரும் இந்த மௌனத்தினால் லாபம் அடைகிறவர் யார், நஷ்டம் அடைகிறவர் யார் என்று கணக்குப் பார்ப்போமாயின், நஷ்டத்தின் பெரும்பகுதி அனுபவம் மிகுந்த பொறியாளர்களின் பற்றில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். புதிதாகக் கல்லூரியிலிருந்து வருகிறவனுடைய சம்பளம் ரகசியம் அன்று. பெரிய மென்பொருள் ஸ்தாபனங்கள் வளாகத் தேர்வில் தரும் தொகை பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்குச் சுமார் 3.5 லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது என்பது கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரிந்த சங்கதி. அதே வாசல் வழியே ஒரே நாளில் வெளியேறிய இருவர், பதினைந்து வருஷம் கழித்து ஒரே தகுதியோடு ஒரே மாதிரியான வேலையைச் செய்துகொண்டிருக்கையில், ஒருவர் மற்றவரைப்போல் இரண்டு பங்கு வாங்குகிறார் என்றால், அந்த வித்தியாசம் எங்கே, எவ்வாறு விளைந்தது என்பதுதான் ஆராயத்தக்க விஷயம்.

மூன்று கேள்விகள்

வேலை மாற விரும்பும் பொறியாளருக்கு வருகிற முதல் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். “ஸார், இப்போ பேசலாமா? உங்க கரண்ட் சிடிசி எவ்வளவு? எக்ஸ்பெக்டட் எவ்வளவு? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?” என்று மூன்று கேள்விகள் தொடர்ந்து வரும். “இந்த வேலைக்கு உங்க பட்ஜெட் என்ன?” என்று பதிலுக்கு இவர் ஒரு கேள்வி கேட்டாரானால், “அது கேண்டிடேட்டோட ப்ரொஃபைலைப் பொறுத்தது ஸார், கம்பெனி நார்ம்ஸ்படி நல்லாவே கொடுப்பாங்க” என்ற மழுப்பலான சமாதானமே கிடைக்கும். இவர் செய்யப்போகும் வேலையின் கஷ்டம் என்ன, பொறுப்பு என்ன என்பது இன்னமும் பேசப்படவே இல்லை. ஆயினும் இவருடைய விலை அந்த மூன்று நிமிஷங்களிலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

எவ்வாறெனில், புதிய சம்பளம் புதிய வேலையின் மதிப்பைக்கொண்டு நிர்ணயிக்கப்படாமல், பழைய சம்பளத்தின்மேல் இத்தனை சதவீதம் ‘ஹைக்’ என்ற கணக்கில் நிர்ணயிக்கப்படுகிறது. இந்தக் கணக்கின் கொடுமையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் 3.5 லட்சத்திலும் மற்றொருவர் 5 லட்சத்திலும் உத்தியோகம் தொடங்கினார்கள் என்றும், இருவரும் நான்கு முறை வேலை மாறி, ஒவ்வொரு முறையும் 30 சதவீத உயர்வு பெற்றார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நான்காவது மாற்றத்தின் முடிவில் முதலாமவர் ஏறக்குறைய 10 லட்சத்தில் நிற்க, இரண்டாமவர் 14.28 லட்சத்துக்குப் போயிருப்பார். ஆரம்பத்தில் ஒன்றரை லட்சமாக இருந்த இடைவெளி, இருவரும் ஒரே விகிதத்தில் முன்னேறியதன் பலனாகவே, நான்கேகால் லட்சத்துக்கு மேல் விரிந்துவிட்டது. முதலாமவர் செய்த பிழை ஒன்றும் இல்லை. அவர் படிப்பை முடித்த வருஷத்தில் சந்தை மந்தமாக இருந்திருக்கலாம், அல்லது கிடைத்த முதல் வேலையை மறுக்க முடியாத குடும்ப நிலைமை இருந்திருக்கலாம். இருபத்திரண்டாவது வயதின் நிர்ப்பந்தம் நாற்பதாவது வயதின் ஊதியத்தை ஆள்வது நியாயமாகாது.

பிரசவத்துக்காகவோ, குழந்தை வளர்ப்பின் பொருட்டோ சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து மீண்டும் வருகிற பெண்களின் நிலை இதனினும் பரிதாபகரமானது. அவர்களிடம் கேட்கப்படுவது ஐந்து வருஷத்துக்கு முந்தைய சம்பளம்; அதன்மேல் போடப்படுவதும் ஒரு சிறு சதவீதம். ஒரே வேலைக்கு ஆணுக்கு அதிகமும் பெண்ணுக்குக் குறைவும் கொடுக்கலாகாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே வற்புறுத்துகிறது. ஆனால், பக்கத்து மேஜையின் சம்பளம் இன்னதென்றே தெரியாதவர் அது சமம் அன்று என்று எந்த ஆதாரத்தைக் காட்டி வழக்குத் தொடுப்பார்?

தரகர் அறிந்தது, குடியானவர் அறியாதது

பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற மாட்டுச் சந்தைகளில் விலை பேசுகிறவர்கள், கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பற்றித் தொகையை உணர்த்துகிற வழக்கம் பிரசித்தமானது. சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் மாடு தெரியும், வாங்குகிறவரைத் தெரியும், விற்கிறவரைத் தெரியும். விலை மட்டும் தெரியாது. சந்தை கலையும்போது, தன் ஜோடி மாட்டுக்குக் கிடைத்த விலை ஒன்றை மட்டும் அறிந்தவராகக் குடியானவர் வீடு திரும்ப, அன்று நடந்த எத்தனையோ பேரங்களின் விலைகளை மனத்தில் சுமந்துகொண்டு தரகர் அடுத்த சந்தைக்குப் போவார். சம்பளப் பேச்சிலும் இதே முறைதான் அநுசரிக்கப்படுகிறது.

ஸ்தாபனங்கள் ஒன்றின் சம்பள நிலவரத்தை மற்றொன்று அறியாமல் இல்லை. மெர்சர், ஏயான் முதலிய ஆலோசனை நிறுவனங்கள், பல கம்பெனிகளிடமிருந்து விவரம் திரட்டி, இன்ன பதவிக்கு, இன்ன ஊரில், இன்ன அனுபவத்துக்குச் சந்தையில் கீழ்நிலை, நடுநிலை, மேல்நிலைச் சம்பளம் இவ்வளவு என்று ஆய்வறிக்கைகளாகத் தொகுத்து விற்கின்றன. அவற்றைப் பணம் கொடுத்து வாங்கி, அவற்றைக்கொண்டு ஒவ்வொரு பதவிக்கும் ஒரு ‘பேண்ட்’ வகுத்து வைத்துக்கொண்டு நேர்காணலுக்கு உட்காருகிற மனிதவளத் துறை அதிகாரியின் எதிரில், நாலைந்து நண்பர்களின் வாய்மொழியையும், பெயர் வெளியிடாமல் சம்பளம் பதிவு செய்யப்படும் இணையதளங்களின் கலப்படமான தகவலையும் நம்பி வந்தமர்கிறார் பொறியாளர். முதலாளிகள் தங்களுக்குள் விலைக்கு வாங்கி விற்றுக்கொள்ளும் தகவலையே, தொழிலாளிகள் தங்களுக்குள் இலவசமாகப் பேசிக்கொண்டால் அது ஒழுங்கீனம் என்று சொல்வதில் உள்ள முரண்பாடு சிந்திக்கத்தக்கது.

தகவலின் பலம் ஒரு பக்கமே குவிந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஒரு சாட்சியம் வைத்திருக்கிறது. கூகுள், ஆப்பிள், இன்டெல், அடோபி முதலிய ஸ்தாபனங்கள் ஒருவருடைய பொறியாளர்களை மற்றொருவர் வலியப் போய் அழைப்பதில்லை என்று தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருந்ததை 2010இல் அமெரிக்க நீதித் துறை வெளிப்படுத்திற்று. அழைப்பு வராதவர்களுக்குத் தம் உழைப்பின் சந்தை விலை தெரிய வழியில்லை; விலை தெரியாதவர்கள் உயர்வு கேட்கவும் மாட்டார்கள். ஏறக்குறைய 64,000 பேர் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், முதலில் பேசி முடிக்கப்பட்ட 32.45 கோடி டாலர் போதாது என்று 2014இல் நீதிபதி லூசி கோ நிராகரிக்க, மறு ஆண்டு 41.5 கோடி டாலருக்கு அந்த நான்கு ஸ்தாபனங்களும் இணங்க நேர்ந்தது. உலகத்தின் மிகக் கெட்டிக்காரப் பொறியாளர்கள் என்று புகழப்பட்டவர்களுக்கே தங்கள் விலை மறைக்கப்பட்டிருந்ததென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

24 லட்சத்தின் உள்ளே

மறைக்கப்படுவது பிறருடைய சம்பளம் மட்டும் என்று எண்ணுவதும் தவறு. பெரும்பாலோருக்குத் தங்களுடைய சம்பளமே முழுமையாகத் தெரிவதில்லை. ‘பேக்கேஜ் 24 லட்சம்’ என்று ஒருவர் மனைவியிடம் சந்தோஷத்தோடு சொல்கிறார். பன்னிரண்டால் வகுத்து, மாதம் 2 லட்சம் என்று இருவரும் மனக்கோட்டை கட்டுகிறார்கள். அந்த 24 லட்சத்தைச் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

ஒரு ஸ்தாபனம், அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம் என்றும், மொத்தத்தில் 15 சதவீதம், அதாவது 3,60,000 ரூபாய், ‘வேரியபிள்’ என்றும் வகுத்திருப்பதாகக் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதமாகிய 1,44,000 ரூபாயும், பணிக்கொடைக்காக 4.81 சதவீதமாகிய சுமார் 58,000 ரூபாயும் இதே 24 லட்சத்துக்குள்தான் அடக்கம். மருத்துவக் காப்பீட்டுக்கு 20,000 என்று வைத்தால், நிச்சயமாகக் கிடைக்கும் சம்பளம் 18,18,000, அதாவது மாதத்துக்கு 1,51,500 ரூபாயாக இறங்கிவிடுகிறது. அதிலிருந்து ஊழியரின் பங்காக வைப்பு நிதிக்கு 12,000 ரூபாயும், 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி வருமான வரியாக ஏறக்குறைய 12,900 ரூபாயும் கழிந்தபின் கைக்கு வருவது 1,26,600 ரூபாயளவில் நிற்கும். தொழில் வரியாக ஒரு சிறு தொகையும் உண்டு. 2 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் சாமானியமானதன்று.

இவற்றில் வைப்பு நிதி நமது சேமிப்பே என்பதால் அதை நஷ்டக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பணிக்கொடையோ, பொதுவாக ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கே கிடைப்பது. மூன்று வருஷத்துக்கொரு முறை வேலை மாறுகிறவருக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம். ‘வேரியபிள்’ என்பது கம்பெனியின் லாபத்தையும் மேலாளரின் அபிப்பிராயத்தையும் பொறுத்து வரலாம், பாதியாக வரலாம், வராமலும் போகலாம். வேறொரு ஸ்தாபனம், வைப்பு நிதியைச் சட்டம் அநுமதிக்கும் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கே கணக்கிட்டு, மாதம் 1,800 ரூபாய் மட்டும் செலுத்துமாயின், அதன் 22 லட்சத்தில் கைக்கு வருவது இதன் 24 லட்சத்தைவிட அதிகமாகக்கூட இருக்கக்கூடும். இணைப்பு போனஸ் என்று முதல் மாதத்தில் கொடுக்கப்படும் தொகை, ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே இரண்டு மொத்தத் தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் ஏமாறுவதற்குத் தாமே ஏற்பாடு செய்துகொள்கிறார்.

2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, படிகள் என்ற பெயரில் ஒதுக்கப்படும் தொகைகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கருத வேண்டும் என்று விதித்திருப்பதும், வேலையை விட்டு விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டிருப்பதும் வரவேற்கத்தக்கன. எனினும், வேலைக்கு ஆள் தேடும்போதே சம்பள எல்லையைச் சொல்ல வேண்டும் என்ற விதி அதில் இல்லை.

நம்மிடமே இருக்கும் முன்மாதிரி

சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்வது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் விபரீத யோசனை என்று நினைப்பவர்கள், நம் தேசத்தின் அரசாங்க அலுவலகங்களைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில், கடைநிலை ஊழியருடைய 18,000 ரூபாயிலிருந்து அமைச்சரவைச் செயலாளருடைய 2,50,000 ரூபாய் வரையில் ஒவ்வொரு படியும் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. திருச்சி பெல் தொழிற்சாலை, நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்ற மத்தியப் பொதுத்துறை ஸ்தாபனங்கள் பொறியாளர்களைத் தேடும்போது, அவற்றின் விளம்பரங்களில் 40,000-1,40,000 என்றோ 50,000-1,60,000 என்றோ ஊதிய விகிதம் முதலிலேயே கண்டிருக்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அதிகாரிகள், ஊழியர்கள் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தை, எவரும் கேளாமலே தானாக வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. இதனால் அரசாங்க அலுவலகங்கள் பொறாமைத் தீயில் வெந்துபோய்விடவில்லை.

தனியார் துறையிலும் சட்டம் முற்றிலும் மௌனமாக இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 197ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு கம்பெனியும், அதன் இயக்குநர் ஒவ்வொருவருடைய ஊதியமும் ஊழியர்களின் நடுநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் தெரிவிக்கக் கட்டளையிடுகிறது. ஆண்டுக்கு 1 கோடியே 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் பெறுகிற ஊழியர்களின் விவரமும் அதன் விதிகளின்படி பதிவாக வேண்டும். உச்சியில் இருப்பவரின் சம்பளத்தைப் பங்குதாரர் அறியலாம். நடுவில் இருப்பவரின் சம்பளத்தை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அறியலாகாது.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது, பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் பொறியாளரின் அநுபவம். சென்னையில் இருக்கும்வரையில் அவருடைய ஊதியம் தேவ ரகசியம். எச்-1பி விசாவுக்காக விண்ணப்பம் போடப்படுகிற கணத்திலிருந்து நிலைமை தலைகீழாகிறது: அந்த வேலைக்கு அந்த ஊரில் வழங்கும் ஊதியத்துக்குக் குறையாமல் கொடுப்பதாக முதலாளி அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தருவதாகச் சொன்ன ஊதியத்தைக் கண்ட அறிவிப்பை வேலை நடக்கும் இடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கவோ, ஊழியர்களுக்கு மின்னணு முறையில் தெரிவிக்கவோ வேண்டும், அந்த விண்ணப்பங்களின் விவரங்களைத் தொழிலாளர் துறையே யாவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டும் வருகிறது. உள்ளூர்த் தொழிலாளியின் கூலி தாழ்ந்துவிடாதிருக்க, வெளியிலிருந்து வருகிறவரின் கூலி பகிரங்கமாக இருக்க வேண்டும் என்று அத்தேசம் கண்டுகொண்டிருக்கிறது. நியூஜெர்சியில் பகிரங்கமாக இருக்கத்தக்கது சோழிங்கநல்லூரில் ஏன் ரகசியமாக இருக்க வேண்டும்?

ஒரு மொட்டைக் கடிதம்

மறைவிலிருக்கும் சம்பளம் ஒரு வாழ்நாளை எப்படி உருக்குலைக்கும் என்பதற்கு லில்லி லெட்பெட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வழக்கைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் இல்லை. அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்ற ஊரிலிருந்த குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரையில் பணியாற்றிய அவர், பல ஆண்டுகள் ஷிப்டுகளை நடத்தும் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வுபெறும் காலம் நெருங்குகையில், யாரோ பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப்போன ஒரு சீட்டிலிருந்தே, தம்மோடு அதே வேலையைச் செய்யும் ஆண்களின் சம்பளத்தை அவர் அறிந்தார். 1997 முடிவில் அவர் பெற்றது மாதம் 3,727 டாலர். அதே பதவியில் மிகக் குறைவாகப் பெற்ற ஆணுக்கு 4,286 டாலரும், மிக அதிகமாகப் பெற்றவருக்கு 5,236 டாலரும் கொடுக்கப்பட்டு வந்தன. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்ற காரணத்தால், 2007இல் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அது தள்ளப்பட்டது. பிறருடைய சம்பளம் தெரியாத ஒருத்தி அந்தக் கெடுவுக்குள் எப்படிப் புகார் செய்திருப்பாள் என்ற கேள்வியை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தமது மாறுபட்ட தீர்ப்பில் எழுப்பினார். குறை தீர்க்கும் சட்டம் லெட்பெட்டரின் பெயராலேயே 2009 ஜனவரி 29ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமாவின் கையெழுத்தைப் பெற்றது. லெட்பெட்டருக்கு அதனால் ஒரு டாலரும் கிடைக்கவில்லை.

அதன் பின்னர் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. பழைய சம்பளத்தை விண்ணப்பதாரரிடம் கேட்கலாகாது என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் சட்டம் செய்தது. வேலை விளம்பரத்திலேயே சம்பள எல்லையைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி கொலராடோவில் 2021 முதலாகவும், நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பர் முதலாகவும், கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2023 முதலாகவும் அமலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த கட்டளை, உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7ஆம் தேதிக்குள் சட்டமாக்க வேண்டியவை என்று இவ்விரண்டையும் சேர்த்தே விதித்தது: வேலைக்கு வருகிறவருக்குச் சம்பள எல்லையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவருடைய பழைய சம்பளத்தைக் கேட்கலாகாது. தம் ஊதியத்தைப் பிறரிடம் சொல்லும் உரிமையையும் அக்கட்டளையின்படி எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது.

வெளிச்சத்தின் விலை

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தின் வாதத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது தர்மமாகாது. சம்பளம் தெரிந்தால் பொறாமை வளரும் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியர்களைக்கொண்டு டேவிட் கார்டு முதலிய பொருளாதார நிபுணர்கள் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்த்தவர்களுள், நடுநிலைக்குக் கீழே இருந்தவர்களின் மனநிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணம் வளர்ந்தது. மேலே இருந்தவர்களின் மகிழ்ச்சி அதனால் கூடவும் இல்லை. குறைவாகப் பெறுகிறவருக்குத் தாம் குறைவாகப் பெறுவது தெரிந்தால் வருத்தம் உண்டாவது இயல்பே. அந்த வருத்தத்தைத் தவிர்ப்பதற்கு அறியாமையை மருந்தாகக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலியது. எல்லாருக்கும் எல்லாம் தெரியுமானால், ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் அனைவருக்கும் கொடுக்க நேரும் என்று அஞ்சி, முதலாளிகள் பேரத்தில் இறுக்கமாகிவிடுவார்கள். அமெரிக்க மாநிலங்களில் ஊழியர்கள் தம்முள் சம்பளம் பேசிக்கொள்ளும் உரிமையைப் பாதுகாத்த சட்டங்களுக்குப் பிறகு ஊதியம் சராசரியாக 2 சதவீதம் அளவுக்குத் தாழ்ந்தது என்று ஸோயி கல்லென், போபக் பக்ஸாத்-ஹர்சன் ஆகிய இருவரின் ஆராய்ச்சி காட்டுகிறது. டென்மார்க்கில் 2006ஆம் ஆண்டின் ஊதிய வெளிப்படைச் சட்டத்துக்குப் பின்னர் ஆண் பெண் ஊதிய இடைவெளி குறுகியதும், பெரும்பாலும் ஆண்களின் உயர்வு தாமதப்பட்டதனால் நேர்ந்ததே. நார்வேயில் வருமான வரிப் பட்டியல் யாவருக்கும் திறந்தே இருந்தும், அண்டை வீட்டாரைத் துருவுகிற குறுகுறுப்பு மிகுந்துபோகவே, யார் யாருடைய கணக்கைப் பார்த்தார் என்பது பார்க்கப்பட்டவருக்குத் தெரியும்படி 2014இல் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. சட்டத்தின் கண்ணில் மண் தூவும் சாமர்த்தியத்துக்கும் குறைவில்லை: வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலைக்குக் கொலராடோவாசிகள் மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சில கம்பெனிகள் விளம்பரம் செய்தன, நியூயார்க்கில் சிலர் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே ஒரு லட்சம் டாலர் தூரம் விட்டு, சொல்லியும் சொல்லாமலும் தப்பினார்கள்.

இந்தச் சாட்சியங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில் ஒரு முடிவு புலப்படுகிறது. தனி மனிதர் ஒவ்வொருவருடைய சம்பளத்தையும் பெயரோடு சுவரில் எழுதுவது வேறு; ஒரு வேலையின் சம்பள எல்லையை அந்த வேலைக்கு வருகிறவருக்கு முன்னதாகச் சொல்வது வேறு. முதலாவதில் மனக்கசப்புக்கும் வீண் துருவலுக்கும் இடமுண்டு. இரண்டாவதில் எவருடைய அந்தரங்கமும் வெளிப்படுவதில்லை. வெளிப்படுவது வேலையின் மதிப்பு ஒன்றே. அனுபவமுள்ள பொறியாளர்களுக்குத் தேவைப்படுவதும், நியாயமாக அவர்கள் கேட்கத்தக்கதும் இரண்டாவதுதான். பத்து வருஷம் ஒரே இடத்தில் உழைத்தவர், தாம் பயிற்சி கொடுத்துத் தயாரிக்க வேண்டிய புதியவர் தம்மைவிட 40 சதவீதம் அதிகம் பெற்று உள்ளே வந்திருப்பதைக் கான்டீன் பேச்சில் அறிந்து புண்படுவதைக் காட்டிலும், பேண்ட் இன்னது, அதில் தாம் இருக்கும் இடம் இன்னது என்பதை மேலாளர் வாயிலாகவே அறிவது இருவருக்கும் கௌரவம்.

பொறியாளர் செய்யத்தக்கது

சட்டம் வரும்வரையில் பொறியாளர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ‘எக்ஸ்பெக்டட் எவ்வளவு?’ என்ற கேள்விக்குத் தொகை சொல்லுமுன், ‘இந்தப் பதவிக்கு நீங்கள் வகுத்திருக்கும் எல்லை என்ன?’ என்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்பதில் தவறில்லை. பதில் வராவிட்டால், அந்த மௌனமே அந்த ஸ்தாபனத்தைப் பற்றிய ஒரு தகவல். தொகை சொல்ல நேர்ந்தால், மொத்தப் பேக்கேஜைச் சொல்லாமல், நிச்சயச் சம்பளம் இவ்வளவு வேண்டும் என்று சொல்வது பின்னால் வரும் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். தொகை, பழைய சம்பளத்தின் சதவீதமாக இல்லாமல், ஏற்கப்போகும் பொறுப்பின் மதிப்பாக இருக்க வேண்டும். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் சபலத்துக்கு மட்டும் இடம் கொடுக்கலாகாது: மூன்று மாதச் சம்பளச் சீட்டும் படிவம் 16உம் வங்கிக் கணக்கும் கேட்கப்படும் இடத்தில் பொய் நிலைக்காது, அகப்பட்டால் வேலையோடு பெயரும் போய்விடும். வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன், புதிய இடத்தின் சம்பளப் பிரிவினையை எழுத்தில் வாங்கி, இணைப்பு போனஸைத் திருப்பித் தரும் நிபந்தனையையும், பங்குகள் எத்தனை ஆண்டுகளில் கைக்கு வரும் என்பதையும் வாசித்துவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தமக்குப் பின்னால் வரும் இளையவர் ‘அண்ணா, இந்த வேலைக்கு எவ்வளவு கேட்கலாம்?’ என்று கேட்டால், மழுப்பாமல் தமக்குத் தெரிந்த எல்லையைச் சொல்வது மூத்தவர்களின் கடமை. அந்த ஒரு பதிலால் ஒருவருடைய இருபது வருஷக் கணக்கே திருந்தக்கூடும்.

முதலாளிகளுக்கும் இதில் இழப்பு மிகுதியில்லை. நாலு சுற்று நேர்காணல் நடத்தி, 90 நாள் நோட்டீஸுக்காகக் காத்திருந்து, கடைசியில் தொகை ஒத்துவராமல் ஆள் கைநழுவிப்போவதனால் அவர்கள் அடையும் காலநஷ்டமும் பொருள்நஷ்டமும் கொஞ்சமல்ல. ‘தகுதிக்கும் அனுபவத்துக்கும் தக்க சம்பளம் தரப்படும்’ என்ற, ஒன்றையும் சொல்லாத வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் கீழ் எல்லை ஒன்றும் மேல் எல்லை ஒன்றுமாக இரண்டு எண்களை அச்சிடுவதற்கு எந்தச் சட்டமும் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அந்த எண்களை வெளியிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள் என்ற அச்சம் ஒரு ஸ்தாபனத்துக்கு இருக்குமானால், அது திருத்த வேண்டியது விளம்பரத்தை அன்று; உள்ளே இருப்பவர்களின் சம்பளத்தை.